பூஜையில் வீங்கிய டேப்லெட்

எங்கள் வலியசாலை வீட்டில் அஷ்டமியன்று சரஸ்வதிக்கு அடுக்கிய புத்தகங்களை விஜயதசமி வரை யாரும் தொட மாட்டோம். போன வருடம் என் மகள் தன் பழைய டேப்லெட்டையும் அடியில் வைத்திருந்தாள். விஜயதசமி காலையில் விளக்கேற்றிவிட்டுப் பார்த்தால், புத்தக அடுக்கு சுடரின் பக்கமாகச் சரிந்திருந்தது. டேப்லெட்டின் பேட்டரி உப்பி, திரை பிளந்து நின்றது. பதறிப்போய் விளக்கை அமர்த்தினேன். என் கணவர் அதைப் பலகையில் ஏந்திப் போய், மொட்டைமாடியில் மணல் வாளிக்குள் வைத்தார்.

அதன் பெட்டியில் பச்சை இலைப் படமும், பழையதைத் திரும்பப் பெறுவோம் என்ற உறுதியும் இருந்தன. அதை நம்பித்தான் வாங்கினோம்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ஆன் ஆகுமோ சேச்சி? ஆகலேன்னா எடுக்கான் பற்றில்ல" என்று மலையாளத்தில் சொல்லி, எடுக்க முடியாதெனக் கையை விரித்தார். கம்பெனிக்குப் போன் செய்தால், கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். கூரியர்காரரோ, "வீங்கின பேட்டரியா? வண்டியில தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?" என்று மறுத்துவிட்டார். மறுபடி கம்பெனியைக் கேட்டதற்கு, "உங்க புகார் முடிஞ்சாச்சு மேடம்" என்றாள் ஒரு பெண்.

நன்றாக ஓடுவதை நான் ஏன் திருப்பிக் கொடுக்கப்போகிறேன்?

இப்போது எது வாங்கப் போனாலும், "இது செத்தா யார் வந்து எடுப்பா? பில்லுல எழுதிக் கொடுங்கோ" என்று கேட்கிறேன். எழுதித் தராத கடையில் வாங்குவதில்லை.

டேப்லெட் இன்னும் மணலில்தான் கிடக்கிறது. பச்சை இலை போட்ட அட்டைப்பெட்டியை மட்டும், மாதாமாதம் குப்பை எடுக்க வருகிறவர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போனார்கள்.