கண்ணில் ஒற்றிய தீர்த்தம்

ஒஸ்லோவில் பஸ் ஓட்டும் இரத்தினவேலுக்கு நோர்வேயின் குளிரும் வரியும் எப்போதோ பழகிவிட்டன. வைத்தியர்கள் மட்டும் பழகவில்லை. காய்ச்சலோடு போய் நின்றாலும், தண்ணீர் குடி, படுத்திரு என்று கையை விரித்து அனுப்பிவிடுகிறார்களே என்பது அவருடைய தீராத மனக்குறை. கோயில் மண்டபத்தில் அவர் அதைச் சொல்லத் தொடங்கினால் கையிலிருக்கும் வடை ஆறிப்போகும்.

வலது கண்ணில் புரை முற்றி, எதிரே வரும் விளக்குகளெல்லாம் கலங்கித் தெரிந்ததால் பஸ்ஸை விட்டு இறங்கவேண்டி வந்தது. கண் தெளிந்தால்தான் மறுபடி பஸ். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது வீக்கத்துக்கான சொட்டு மருந்து மட்டுமே.

"ஒரு அன்ரிபயோட்டிக் குளிசை தந்தால் குறைஞ்சா போவினம்?" என்று மனைவி தர்மினியிடம் வழியெல்லாம் புறுபுறுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். ஐயர் விட்ட தீர்த்தத்தைக் குடித்துவிட்டு, மிச்ச ஈரத்தை இரண்டு கண்ணிலும் நன்றாக ஒற்றினார் இரத்தினவேல். வாழ்நாள் பழக்கம். ஒப்பரேஷன் நடந்தது கைக்கு எங்கே தெரியும்?

"ஐயோ, கண்ணிலை தண்ணி படக்கூடாதெண்டவை எல்லே!" என்று தர்மினி பதறினாள்.

மறுநாள் காலை கண் சிவந்திருந்தது. கிருமி உள்ளே போய்விட்டது, கண்ணும் போச்சு, பஸ்ஸும் போச்சு என்று அவர் புலம்பினார். தர்மினி கார்ச் சாவியை எடுத்தாள்.

தீர்த்தம் ஒற்றிய கதையைக் கேட்டுவிட்டு, கண் வைத்தியர் விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். "கிருமி இல்லை. அழுத்தியதில் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். உடனே வந்தது நல்லது. வலித்தாலோ பார்வை மங்கினாலோ இதேபோல ஓடி வாருங்கள்."

உயிர் திரும்பியதும் வாயும் திரும்பியது. "அன்றைக்கே அன்ரிபயோட்டிக் தந்திருந்தால் இந்தப் பயமே இல்லை" என்றார் இரத்தினவேல்.

வைத்தியர் சிரித்தார். "தந்தோமே! ஒப்பரேஷன் முடியும்போது கண்ணுக்குள்ளேயே செலுத்தினோம். அதற்காகத் தண்ணீரை ஊற்றாதீர்கள்."

இரத்தினவேல் தர்மினியைப் பார்த்தார். "கேட்டனீரே? உள்ளுக்கை விட்டுத்தான் அனுப்பியிருக்கினம். நான் சும்மா திட்டித் திரிஞ்சிருக்கிறன்."

சொல்லும்போதே கண் நிறைந்தது. துடைக்கப் போன கையைத் தர்மினி எட்டிப் பிடித்தாள். "தொடாதேங்கோ! வழிஞ்சால் வழியட்டும்."

வழியவிட்டார். யன்னலுக்கு வெளியே போன பஸ்ஸின் இலக்கத்தை அந்தக் கண்ணாலேயே சத்தமாக வாசித்தார்.