K-க்கு முன்னால் சுழியங்கள்

மகள் பிறந்த பிறகு நான் கேட்டுப் போன முதல் வேலை அது. கள்ளக்குறிச்சியில், மாடியில் இருந்த ஒரு சிறிய கணினி அலுவலகம். வெள்ளிமலையில் சாமை, தினை வாங்கும் இடத்துக்காக அவர்கள் ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்த எடை மெஷின் எண்களை மட்டும்தான் ஏற்கும். அதனால் விவசாயி தட்டச்சு செய்யும் பெயரை எண்களாக மாற்றி அனுப்பி, மறுபடி பெயராக்க வேண்டும். "மலையிலேர்ந்து ஆள் வருவாரு. அவரு முன்னாடி நீங்க எழுதினது சரியா ஓடிட்டா வேலை உங்களுக்குத்தான்மா" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஒரு எண் உண்டு. கச்சிராயபாளையத்தில் வீட்டில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் பெயரைத்தான் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். தமிழ் எழுத்துகளுக்கெல்லாம் நான்கு இலக்க எண். எனவே வரிசையாக ஒட்டி அனுப்பி, நான்கு நான்காக வெட்டி எழுத்தாக்கினேன். ஒவ்வொரு முறையும் அவள் பெயர் பிசகாமல் திரும்பி வந்தது. அப்படியும் சந்தேகம் தீராமல், பஸ்ஸில் போகும்போதுகூடப் போனில் ஒருமுறை அடித்துப் பார்த்தேன்.

மலையிலிருந்து வந்தவர் ஜீப் ஓட்டுபவர், சாமையும் பயிரிடுகிறவர். தன் போனில் பெயரை அடித்தார். எண்கள் போயின. திரும்பி வந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாங்க இது? எம்பேர்ல ஒரு கன்னட எழுத்து கீது. அப்பறம் ஒரே கட்டமா கீது. ஜாதகமா?"

"கல்யாணம் எப்பன்னு போட்டிருக்கா பாருய்யா" என்றார் முதலாளி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். எல்லோரையும் போல அவரும் ஆங்கிலத்தில் K போட்டு, புள்ளி வைத்து, இடம் விட்டு, பெயரைத் தமிழில் அடித்திருந்தார். K-க்கு எழுபத்தைந்து. புள்ளிக்கும் இடைவெளிக்கும்கூட இரண்டு இலக்கம்தான். அங்கே தடம் புரண்ட வெட்டு கடைசிவரை நேராகவில்லை. வீட்டில் என் மகளை யார் இன்ஷியல் போட்டுக் கூப்பிடுகிறோம்? எனக்கு அது தோன்றவேயில்லை.

"எண்ணுக்கு நடுவுல கமா போடலாமா சார்?"

"மெஷின் எடுக்காதும்மா. இன்ஷியல் போடாதீங்கன்னு ஒரு வரி எழுதி வுட்டுடுங்களேன்."

"அதெப்படி சார்?" என்றார் ஜீப்காரர். "எங்கூர்ல எம்பேரு வெச்சவங்க நெறைய பேரு கீறாங்க. எம்மூட்டை எவன் கணக்குலயாவது ஏறிக்கினு பூடும்."

அப்போது, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை போனில் கூப்பிட்டார். "பாப்பா அழுதுக்கினே கீறா. முடிஞ்சுதா இல்லியா?" பால் கட்டி மார்பு கனத்தது. வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. இன்று எழுந்து போனால் மறுபடி கூப்பிடுவார்களா?

"கொஞ்சம் கஞ்சித் தண்ணி குடுங்க அத்தை. முடிச்சிட்டுத்தான் வருவேன்."

உட்கார்ந்தேன். சின்ன எண்களுக்கு முன்னால் சுழியம் போட்டு நிரப்பினால் எல்லாம் ஒரே நீளம் ஆகிவிடும், வெட்டும் தப்பாது. எழுபத்தைந்தை 0075 ஆக்கினேன். அடித்து முடித்ததும் மறுபடி சந்தேகம்: யாராவது பேருக்குப் பக்கத்தில் சிரிக்கிற பொம்மை போட்டால்? தேடிப் பார்த்தேன். அதற்கு ஆறு இலக்கம். நான்கை அழித்துவிட்டு ஆறாகவே வைத்தேன்.

ஜீப்காரர் மறுபடி அடித்தார். K, புள்ளி, இடம், பெயர். அப்படியே திரும்பி வந்தது. சும்மா இருக்காமல், பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டு அனுப்பினார். அதுவும் வந்தது.

"இப்பதாங்க எம்பேரு" என்றார்.

முதலாளி கணினியை மூடப் போனார். "போதும்மா, திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்" என்று விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். என் மகளின் பெயரை, இந்த முறை இன்ஷியலோடு அடித்தேன். அது வந்த பிறகுதான் பஸ்ஸுக்கு ஓடினேன்.