தண்ணீருக்குப் பயந்து மண்ணைத் தொட்டேன்

மட்டக்களப்பில் கண் வைத்தியரின் அறைக்கு வெளியே, என் வலது மணிக்கட்டைக் கணவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! விட்டால் நான் கண்ணைக் கசக்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

நான்கு நாட்களுக்கு முன்புதான், மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்காக, கொழும்பில் எனக்கு லேசர் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. கோர்னியாவில் (கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலம்) மெல்லிய மடல் ஒன்றைத் திறந்து, உள்ளே லேசரால் சீர்செய்து மூடினார்கள். தையல் கிடையாது. அது ஒட்டும்வரை தண்ணீரோ தூசியோ படக் கூடாது. கசக்கினால் மடல் விலகிப் பார்வை கெடலாம். நான் காத்தான்குடியில் தறி நெய்பவள். கண் இல்லையென்றால் தறியும் இல்லை.

தண்ணீருக்குத்தான் நான் பயந்தேன். தொழுகைக்காக வுழு (முகம், கை, கால் கழுவுதல்) செய்யும்போது கை தன் பாட்டில் முகத்தில் நீரை அள்ளி அடித்துவிடும். அதனால் தயம்முமுக்கு (தண்ணீர் ஆகாதவர்கள் தூய மண்ணில் கை தட்டி முகத்தையும் கைகளையும் தடவுதல்) மாறினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அன்று லுஹருக்கு (நண்பகல் தொழுகை) நேரமாகிவிட்ட அவசரத்தில், கையில் ஒட்டிய மண்ணை ஊதாமல் அப்படியே முகத்தில் தடவிவிட்டேன். இடது கண் எரிந்தது.

"கசக்காத புள்ள! கையக் கீழ போடு!" என்று கணவர் ஓடி வந்து பிடித்த பிடிதான் அது. ஓட்டோவிலும் அவர் விடவில்லை.

வைத்தியர் மருந்து நீரால் கண்ணைக் கழுவி, ஒளிக்கருவியால் பார்த்தார்.

"தண்ணி வேணாமெண்டதுக்கு மண்ணையா போட்டீங்க?"

வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

"மடல் அசையல்ல. கசக்கியிருந்தா கதை வேற."

"இனி நான் பக்கத்தில நிண்டு பாத்துக்கிறன், டொக்டர்" என்றார் கணவர். சொன்னபடியே ஐந்து வேளையும் நின்றார்.

இதே சிகிச்சைக்குப் பின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கண்ணைவிடக் கையைக் கவனியுங்கள். பழகிய கை எதையும் கேட்டுச் செய்வதில்லை. பாங்குக்கும் (தொழுகை அழைப்பு) சொட்டுமருந்துக்கும் இடையில் என் நாட்கள் மெதுவாகத்தான் நகர்ந்தன.

தண்ணீர் படலாம் என்று வைத்தியர் சொன்ன நாளில் வுழு செய்தேன். கை முகத்தருகே தயங்கியது. பழக்கத்தில், கழற்றுவதற்கு மூக்குக்கண்ணாடியையும் தேடியது. முன்பெல்லாம் வுழுவுக்குக் கழற்றினால் தொழுது முடிக்கும்வரை போடமாட்டேன். நெற்றி வைக்கும் இடம் பதினொரு வயதிலிருந்து எனக்கு மங்கல்தான்.

தொழுகைப்பாயில் போய் நின்றேன். நெற்றி வைக்கும் இடத்தில் ஒரு மணல் துகள் கிடந்தது. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

தொழுகைக்குள் சிரிக்கக் கூடாது. தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவதற்கு முன்பே சிரித்துக்கொண்டேன்.