உப்பளத்துக்கு வந்த படகு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மரக்காணத்தை முன்னேற்ற ஒரு கம்ப்யூட்டர் புறப்பட்டது. அது நேரில் வரவில்லை. ஏசி இல்லாத ஊருக்கு வராதாம். அது போட்ட வரைபடம்தான் வந்தது, இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருந்த நீளக் காகிதத்தில். மக்களைக் கலந்து திட்டம் போடுவதற்காகப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். உப்பளத்துக்காரர்கள் மழைக்காலத்தில்தான் சும்மா இருப்பார்கள் என்று யாரோ யோசித்துக் கார்த்திகையில் வைத்தார்கள். அந்த அக்கறைக்கு ஒரு கும்பிடு.

வரைபடத்தில் அப்பாவின் குத்தகை உப்பளம் ஏரியாக இருந்தது. அதற்குத் தகவல் எடுத்தவர்களும் முந்தின மழையில்தான் ஜீப்பில் வந்து போயிருந்தார்கள். கோடையில் உப்பு கண்ணைக் கூசும். பாவம், எப்படி வருவார்கள்?

அப்பா எழுந்தார். அந்த அளம் போனால் எங்களுக்குச் சோறு கிடையாது.

"சார், அது ஏரி இல்லீங்க, உப்பளம். மழைத் தண்ணி நிக்குது. தை பொறந்தா எறைச்சிட்டு உப்பு போடுவோம்."

கூட்டம் நடத்திய அதிகாரி சன்னலைக் காட்டினார். "நீங்களே பாருங்க."

பார்த்தோம். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். சாட்சிக்கு நாரைகள் வேறு. எனக்கே ஏரி போலத்தான் இருந்தது.

"ஏரின்றத மட்டும் எடுத்துடுங்க சார்."

"ஏரிக்கு என்ன வசதி வேணும்னுதான்யா கம்ப்யூட்டர் கேக்குது. ஏரி வேணுமா வேணாமான்னு கேக்கல."

அந்தக் கேள்விக்கு ஊரே உற்சாகமாகப் பதில் சொன்னது. ஒருவர் படித்துறை கேட்டார், ஒருவர் பூங்கா கேட்டார். படகு விடலாம் என்றவர் என் சித்தப்பா. அவருடைய அளம் ஏரியாகவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

ஏரியில் உப்பு போடச் சட்டம் இல்லையென்று குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. சித்திரையில் தண்ணீர் வற்றிக் கிடந்தபோது லாரியில் படகு வந்தது. அன்னக் கழுத்து வைத்த படகு. வரப்பின்மேல் இறக்கிவிட்டுப் போனார்கள். ஊர் சிரித்தது, அப்பா சிரிக்கவில்லை.

படகுக்குக் காவலாக அப்பாவையே வைத்தார்கள். விசில் ஒன்று கொடுத்தார்கள். யாரும் இறைக்காமலே பாத்திகளில் உப்பு தானாகப் பூத்தது. ஏரியில் யாரும் உப்பு வாராமல் விரட்டுவதும் அவர் வேலைதான்.

அதிகாரி ஏரியைப் பார்க்க வந்த அன்று அப்பா முதன்முதலாக விசில் ஊதினார். குழம்புக்கு ஒரு பிடி உப்பு அள்ள வந்த அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.