அழுதால் கிடைக்கும் நிதி

க்ளிஃப் ஓல்டிராய்டுக்குக் குறை சொல்லத் தெரியாது. யார்க்‌ஷயரில் டியூஸ்பரி என்ற இங்கிலாந்து நகரத்தில் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஒருமுறை டிப்போவில் என்ஜின் மூடி விழுந்து விரல் நசுங்கியபோது, "எப்படி இருக்கு?" என்று மேலாளர் கேட்டார். "பரவாயில்ல சார், குறை சொல்றதுக்கில்ல" என்றார் க்ளிஃப். மேலாளருக்கு ஏக மகிழ்ச்சி. நஷ்ட ஈட்டைப் பற்றிப் பேச வேண்டிய தொல்லை மிச்சம். அந்த ஊரில் இதற்குப் பெருந்தன்மை என்று பெயர். உழைப்பவன் வாயை மூடிக்கொண்டிருப்பது யாருக்கு வசதியோ, அவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்கும்.

ஜனவரியில் அவர் மனைவி ஐரிஸ் நெஞ்சுச்சளி முற்றி மருத்துவமனையில் படுத்தாள். ஒருவழியாகத் தேறினாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், ஆனால் வீடு கதகதப்பாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்றார் டாக்டர்.

க்ளிஃபின் வீடு அப்போது ஐஸ் பெட்டி போல இருந்தது. போன குளிர்காலத்தில் ஐரிஸின் இருமலுக்குப் பயந்து ஹீட்டரை அணைக்காமலே வைத்திருந்தார். அந்த பில்லைக் கட்ட முடியாமல் போனதும், முன்பணம் போட்டால் மட்டும் எரியும் கார்டு மீட்டரை கேஸ் கம்பெனி மாட்டிவிட்டது. பழைய கடனையும் அதற்குள்ளேயே ஏற்றிவிட்டது. கடையில் கார்டுக்குப் பணம் போட்டு வந்து செருகினால், முதலில் மீட்டர் தன் பங்கை விழுங்கும். எரிக்காத நாளுக்கும் தினக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்துக்குத்தான் நெருப்பு.

இதே கம்பெனி, கஷ்டப்படுகிறவர்களின் கடனைத் தீர்க்க ஒரு கருணை நிதியும் நடத்தியது. கழுத்தைப் பிடித்த கையே முதுகைத் தடவும் ஏற்பாடு. நூலகத்தின் ஆலோசனை மேஜையில் இருந்த ரஃபியா, க்ளிஃபுக்காக அதற்கு விண்ணப்பம் அனுப்பினாள். நிதியிலிருந்து ஒரு பெண் அவருக்கு போன் செய்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

ரஃபியா கொதித்துப்போனாள். "மிஸ்டர் ஓல்டிராய்ட், அந்தம்மாகிட்ட என்னதான் சொன்னீங்க?"

"எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு கேட்டாங்க. ஏதோ ஓடுதும்மா, குறை சொல்றதுக்கில்லன்னேன்."

"வீடு குளிருதான்னு கேட்டிருப்பாங்களே?"

"ஒரு ஸ்வெட்டர் கூடப் போட்டா ஆச்சுன்னேன்."

"நல்லா சொன்னீங்க போங்க! 'வாடிக்கையாளர் சமாளித்துக்கொள்கிறார்'னு எழுதிட்டாங்க. உங்க வாயாலேயே உங்க கதவை சாத்திட்டு வந்திருக்கீங்க."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட போய் மூக்கைச் சிந்தச் சொல்றியா கண்ணு?"

"ஆமா. அதுக்குத்தான் அவங்க போன் பண்றாங்க." ரஃபியா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மட்டும் பிடிக்குதுன்னு நினைக்கிறீங்களா? படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போனதை ஒருத்தர் எழுதினாரு, உடனே குடுத்தாங்க. பக்கத்துத் தெருக்காரரு கௌரவமா நாலு வரி எழுதினாரு, கை விரிச்சுட்டாங்க. இத்தனைக்கும் அந்தக் காசு அவங்க வலது பையிலேர்ந்து எடுத்து இடது பையில போட்டுக்கிறதுதான். நடுவுல நீங்க முட்டி போடணும், அவ்வளவுதான். மறுபடி பரிசீலிக்கச் சொல்லி எழுதிட்டேன், வியாழக்கிழமை போன் பண்ணுவாங்க. இங்கேயே வாங்க. நான் கூட இருக்கேன்."

அன்று மாலை ஐரிஸின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆக்சிஜன் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள்.

"என்கிட்ட கூட நீ எதுவும் சொன்னதில்ல. அந்த போன்காரிகிட்டயா சொல்லப்போற?"

"உன்னைப் பத்தியும் கேப்பாங்க ஐரிஸ். எல்லாத்தையும்."

"சொல்லு. யாரு துடைச்சுவிடறா, எத்தனை தரம் வாந்தி, எல்லாத்தையும் சொல்லிக்கோ. மானம் போனா போகட்டும். எனக்கு என் கட்டில்ல படுக்கணும்யா." பேசியதில் மூச்சு வாங்கியது. முகமூடியைத் திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை, க்ளிஃபுக்குக் காது மந்தம் என்பதால் போனை ஒலிபெருக்கியில் போட்டாள் ரஃபியா. பக்கத்து மேஜையில் செய்தித்தாள் படித்தவர்கள் பக்கம் புரட்டுவதை நிறுத்தினார்கள்.

"பகல் பொழுதை எப்படிக் கழிக்கிறீங்க சார்?" என்றது அந்தக் குரல். இனிமையான குரல்.

க்ளிஃப் தொண்டையைச் செருமினார். ரஃபியா அவர் கையைத் தொட்டாள்.

"பஸ்ல போறேன்" என்றார்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல. கிழவங்களுக்குக் காலையில ஒன்பதரைக்கு மேல இலவசம். பஸ்ஸுல ஹீட்டர் இருக்கு. லீட்ஸுக்குப் போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். நான் ஓட்டின அதே ரூட்டு. டிரைவர் பசங்களுக்கு என்னைத் தெரியும். வேலையை விட மனசில்லையா தாத்தான்னு கிண்டல் பண்ணுவானுங்க. ஆமாம்பேன்." போனை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார். "சாயங்காலம் டப்பாவுல இருக்கிற பீன்ஸை சுட வைக்காம அப்படியே திம்பேன். கோட்டோட படுப்பேன். இப்படி ஒரு வீட்டுக்கு அவளைக் கூட்டிட்டு வந்தா செத்துப்போயிடுவா. போதுமா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மனம் திறந்து பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி சார். நெஞ்சைத் தொட்டுடுச்சு. உங்க கடன் முழுசையும் நிதி ஏத்துக்கும். நாளைக்குக் காலையிலேயே மீட்டர்ல சரி பண்ணிடுவாங்க."

க்ளிஃப் எழப்போனார். குரல் இன்னும் முடிக்கவில்லை.

"சின்னதா ஒரு அனுமதி. எங்க ஆண்டு மலர்ல அந்த பஸ் விஷயத்தைப் போட்டுக்கலாமா? பேரை மாத்திடுவோம். நீங்க சிரிச்ச முகமா ஹீட்டர் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு படம் இருந்தா இன்னும் நல்லது."

ரஃபியா மேஜையில் அறைந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். க்ளிஃப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாட்டேன்னா, குடுத்ததை நிறுத்திடுவீங்களா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல சார். உங்க விருப்பம்தான்."

ரஃபியா அதை நம்பினாள். க்ளிஃப் நம்பவில்லை. மேலாளர்களின் இனிய குரலைக் கேட்டே கிழவனானவர் அவர். வெள்ளிக்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி.

"போட்டுக்கோங்க" என்றார். சொன்ன வாய் கசந்தது.

மறுநாள் மீட்டரில் கடன் பூஜ்யம் என்று வந்தது; இனி கார்டில் போடும் காசைக் கடன் விழுங்காது. அவர் கையில் ஒரு பென்னி படவில்லை. கம்பெனியின் பணம் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. அவரிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்த பஸ் கதைதான் புதுச்சரக்கு. பளபளப்பான தாளில் அச்சடித்து, தங்கள் இரக்கத்துக்குச் சாட்சியாகப் பங்குதாரர்களிடம் காட்டுவார்கள்.

மதியம் ஐரிஸ் வந்தாள். தன் கட்டிலில் படுத்தாள். சூடான ரேடியேட்டர் மீது கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னய்யா, சும்மா சும்மா வாயைக் கொப்பளிச்சிட்டிருக்கே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு, க்ளிஃப் இன்னொரு தம்ளர் வெந்நீர் பிடித்தார்.