மறுபக்கம் முடிக்க வேண்டிய அடி

ஸ்தோத்திரம் சொல்லிச் சாட்சியை ஆரம்பிக்கும்படி எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். நான் அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் நடந்ததையெல்லாம் அது மூடிவிடும்.

என் பெயர் ஞானம்மாள். மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். அது எழுபத்து நாலாம் வருஷமோ எழுபத்தைந்தோ, ஆடி மாசம். அப்படி ஒரு மழை. ஏழு வயது மகள் ரூபிக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சு குழி விழ மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "இங்க வச்சிருந்தா பிள்ளை தங்காதும்மா. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார். எப்படிக் கொண்டு போவது? மண் சரிந்து ரோடே இல்லை. சரிவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கம்பிளியில் தூளி கட்டித் தூக்கத்தான் வேண்டும். முழங்கால் சேறு. மாற்றித் தூக்க ஆள் இல்லாமல் ஆகாது. என் புருஷன் செல்லையா ஒருவர் என்ன செய்வார்?

லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஆள் இருந்தார்கள். எங்களோடு பேசத்தான் ஒருவரும் இல்லை. அதற்குக் கொஞ்ச மாதம் முன்னால் வேலைநிறுத்தம் நடந்தது. எல்லாரும் வெளியே நிற்கும்போது என் புருஷன் ஃபாக்டரிக்குள் போய்விட்டார். வீட்டில் அரிசி இல்லை, பிள்ளை பசியில் அழுதது. எல்லார் வீட்டிலும்தான் பிள்ளை அழுதது என்றார்கள். அதுவும் உண்மைதான். அன்றிலிருந்து எங்களுக்குக் கருங்காலி என்று பெயர். குழாயடிக்கு நான் போனால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். கோயிலில் என் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். ஒரே வேதாகமச் சங்கீதத்தை ஒன்றாகப் பாடிவிட்டு, வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை நான் வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்தவர்களும் உண்டு, உள்ளே விளக்கு எரிய இல்லாத மாதிரி இருந்தவர்களும் உண்டு. கடைசியாகப் பொன்னுத்துரை வீட்டு வாசலில் நின்றேன். வேலைநிறுத்தத்தை முன்னால் நின்று நடத்தியவர் அவர். எங்களை ஒதுக்கி வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. உங்க கால்ல விழுதேன்" என்றேன்.

"உன் மாப்பிள எங்களை விட்டுட்டுத் தனியாத்தான போனான்? இப்பவும் தனியாவே போகச் சொல்லு" என்றார்.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று நான் ஜெபம் பண்ணவில்லை. ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன். நீரும் அவங்க கட்சிதானா என்று கேட்டேன்.

ஞாயிறு காலை பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பக்தியால் போகவில்லை. எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதான், அதனால் போனேன்.

எங்கள் கோயிலில் சங்கீதத்தை ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இரண்டு பக்கமாகப் பாடுவோம். ஒரு பக்கம் ஒரு அடி எடுத்தால் மறுபக்கம் அடுத்த அடியைப் பாடி முடிக்க வேண்டும். அன்றைக்குக் குறித்திருந்தது, கைகொட்டிக் களிகூரச் சொல்லும் சங்கீதம். ஆராதனை நடத்தும் உபதேசியார் வாயைத் திறக்குமுன் நான் எழுந்து வேறொன்றை எடுத்தேன். ஆண்டவர் முகத்தை மறைத்துக்கொண்டார், அறிந்தவர்களெல்லாம் எட்டிப் போனார்கள் என்று ஒருவன் கதறுகிற சங்கீதம் அது.

"ஏம்மா, இன்னைக்கு அந்தச் சங்கீதம் இல்லியேம்மா" என்றார் உபதேசியார்.

"எனக்கு இன்னைக்கு அதுதான்யா" என்றேன்.

மறுபடியும் அதே அடியைப் பாடினேன். ஆண்கள் பக்கம் பாட வேண்டிய அடி வரவில்லை. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். மூன்றாம் தடவை பாடும்போது குரல் உடைந்து வெறும் அழுகையாக வந்தது.

அப்போது முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல் மறு அடியை எடுத்தது. கட்டைக் குரல். பொன்னுத்துரை. தலை நிமிராமல் பாடினார். பின்னாலேயே ஆண்கள் பக்கம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. நான் ஒரு அடி, அவர்கள் ஒரு அடி. அந்தச் சங்கீதம் ஆறுதலில் முடிவதில்லை, இருட்டில் முடிகிறது. எந்தச் சங்கீதம் பாடினாலும் கடைசியில் ஆண்டவரைத் துதிக்கும் மகிமைப் பாட்டு பாடுவது எங்கள் வழக்கம். அதை அவர்கள் பாடினார்கள். எனக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னுத்துரை பிரசங்கத்துக்கு இருக்கவில்லை. எழுந்து, "ஏலே, கம்பு ரெண்டு வெட்டுங்க. கம்பிளி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். என்னைத் தாண்டும்போது, "வாய் பாடிருச்சுல்லா தாயி. இனிமே வீட்டுல போயி எப்படி உக்காரதுக்கு?" என்றார்.

நாலு பேர் தூக்கினார்கள். மாற்றுக்கு நாலு பேர் கூட வந்தார்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் டாக்டர், "இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் அவ்வளவுதான்" என்றார். என் பிள்ளை பிழைத்தது.

இந்தச் சாட்சியை முன்பும் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமையை விட்டுவிட்டு, சுகம் கிடைத்ததை மட்டும் சொல்லக்கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. சனிக்கிழமையைச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல எனக்குத் தெரியாது. என் பிள்ளை செத்துக்கொண்டிருந்தபோது மூடின கதவுகள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. அந்தக் கசப்பு என்னை விட்டுப் போகவில்லை, போய்விட்டதாகப் பொய் சொல்லமாட்டேன்.

பிறகு ஒரு மழைக்காலம். பொன்னுத்துரையின் மூத்த மகனை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அடுத்த ஞாயிறு அவர் எழுந்து நின்று அதே சங்கீதத்தை எடுத்தார். மறு அடி பெண்கள் பக்கம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இனிப்பாக இருந்தது. அவர் மறுபடியும் அதே அடியைப் பாடினார். குரல் உடைந்துபோயிருந்தது. அந்த உடைந்த சத்தம் என்னுடையது. எனக்கு அது தெரியும்.

பாடினேன். கடைசி வரைக்கும் பாடினேன். மகிமைப் பாட்டு வந்தபோது அவர் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் சேர்த்து நான் பாடினேன்.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, உங்கள் கசப்பை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு வராதீர்கள். கொண்டு வாருங்கள், பாடுங்கள், ஆண்டவர் அதற்கும் காது கொடுக்கிறார். உங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படி ஒரு அடியை எடுத்தால், தயவுசெய்து மூன்றாம் தடவை பாட வைக்காதீர்கள்.

இப்போது சொல்கிறேன். ஸ்தோத்திரம்.