'தம்பி' என்றொரு ஃபோல்டர்

அக்காவுக்கு எதையும் ஒற்றையாக வைத்துக்கொள்ளத் தெரியாது. வீட்டுச் சாவி இரண்டு, மூக்குக் கண்ணாடி இரண்டு, குடை இரண்டு. "நல்லவேளை, புருஷனையாவது ஒண்ணோட நிறுத்திக்கிட்டா" என்பார் அவள் கணவர்.

அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது அவள் வேலை. ஒருமுறை கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டு, ஒரு முழுப் புத்தகத்தையும் மறுபடி டைப் அடித்ததில் பிடித்த வியாதி இது. அன்றன்றைய வேலையை தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் பேக்கப் ஃபோல்டராக நகலெடுத்து, டிஸ்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். "ஒரே கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு காப்பி வெச்சா, அது போனா ரெண்டும் சேர்ந்துதானே போகும்?" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்வாள்.

தம்பி நேரெதிர். குழந்தைகளுக்குப் படக்கதை வரைபவன். லிஃப்டில் ஏறப் பயப்படும் ஒரு யானையை ஒரு வருடமாக லேப்டாப்பில் வரைந்துகொண்டிருந்தான். ஞாயிறு மதியம் லேப்டாப்போடு வந்து, அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு சோபாவில் குறட்டை விடுவான். அக்கா சத்தமில்லாமல் யானையை நகலெடுத்து, 'தம்பி' என்ற ஃபோல்டரில் போட்டுவிடுவாள்.

ஒரு ஞாயிறு பாதித் தூக்கத்தில் விழித்துக்கொண்டான்.

"யாரைக் கேட்டு எடுத்த? அரைகுறையா இருக்கறதை யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? எல்லாத்தையும் அழிச்சிடு!"

"சரி, அழிச்சிடறேன்" என்றாள்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன் அப்புறம் தலைகாட்டவே இல்லை. அவளுக்கோ அழிக்கக் கை வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத உறுத்தல் ஒரு பக்கம், வெறிச்சென்று கிடந்த சோபா ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறே இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பேயறைந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றான். லேப்டாப் போய்விட்டது. பழுது பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார். அடுத்த மாதம் பதிப்பகத்துக்குப் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும்.

"நீயும் அழிச்சிருப்ப" என்றான்.

அக்கா பீரோவைத் திறந்து டிஸ்கை எடுத்து வந்தாள். "அழிக்கலைடா. பொய் சொல்லிட்டேன். திட்டணும்னா அப்புறமா திட்டு."

திரையில் யானை பக்கம் பக்கமாக வந்தது. லிஃப்ட் வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

"அவ்வளவுதான் இருக்கு" என்றாள் அக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல். "நீ கோவிச்சிட்டுப் போனதுக்கப்புறம் வரைஞ்சது எதுவும் எங்கிட்ட இல்ல."

தம்பி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அதெல்லாம் நல்லாவும் வரலைக்கா" என்றான்.